நாலாம் கூண்டு

நாலாம் கூண்டில் கிடந்த கிழவருடைய இடுப்பெலும்பு, கிழவருடையதாக இல்லை.

தானமாக வந்த உடல்களை வெட்டவெளியில் கிடத்தி, எத்தனை நாளில் என்ன ஆகிறது என்று குறித்துவைக்கும் ஆராய்ச்சித் தோட்டம் அது. இறந்த நாள் தெரியாத கொலை வழக்குகளில் அந்தக் குறிப்புகள்தான் போலீசுக்குத் துணை. எலும்பு நிபுணரான அவள் சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்குள் அந்தத் தித்திப்பான வாடை மூக்குக்குப் பழகி, ஈக்களின் ரீங்காரம்கூடக் காதில் விழாமல் போயிருந்தது. இன்று சாயங்காலம் கம்பி வலையைத் தூக்கிவிட்டுக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

அட்டையில், ‘ஆண், எழுபத்திரண்டு, மாரடைப்பு.’ கீழே கிடந்ததோ அகன்ற இடுப்பு. கழுத்தடியில், காறையெலும்பின் நுனி இன்னும் ஒட்டவில்லை. இருபதைத் தாண்டாத பெண்.

அட்டை மாறியிருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, ஈர இலைகள் பூட்ஸுக்கடியில் நசநசக்க அடுத்த கூண்டுக்குப் போனாள். அங்கேயும் ‘ஆண்’. அங்கேயும் பெண். தொண்டைக்குள் இருக்கும் சின்ன எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. கழுத்தை நெரித்தால் முறிகிற எலும்பு.

பிணத்தை ஒளிக்க இதைவிடத் தோதான இடம் ஏது?

“டாக்டரம்மா, இன்னும் கிளம்பலையா?”

கேட்டருகில் வாட்ச்மேன். பத்து வருடமாக இங்கே உடல்களை இறக்கிக் கிடத்துகிறவர். காலையில் அவளுக்கு டீ வாங்கி வந்தவர்.

“இதோ, முடிஞ்சிடுச்சுண்ணே.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“நாலாவதத் திறந்தீங்களா?”

“இல்லண்ணே.”

“வலை மல்லாந்து கிடக்குதே.”

திரும்பிப் பார்த்தாள். கிடந்தது. மூடாமல் வந்திருந்தாள். அவள் போன் ஆபீஸ் அறையில், மேசைமேல் இருந்தது.

கேட்டில் சங்கிலி உரசியது. பூட்டு விழுந்தது. உள்பக்கமாக.

வேலிக்கு அப்பால் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. பிறகு ஈக்கள். இலைகள். அவர் நடை. அவசரமே இல்லாத நடை.

அவர் அவளிடம் வரவில்லை. கடைசி வரிசைக்குப் போனார். அங்கே ஒரு புதுக் கூண்டு. நேற்று இல்லாதது. அடியில் ஓர் ஆள் நீளத்துக்குப் புல் செதுக்கியிருந்தது. விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர்போல, ஒரு கையால் வலையை உயர்த்திப் பிடித்தார்.

“மழை வர்ற மாதிரி இருக்கும்மா,” என்றார். “வாங்க.”