கவனத்துக்கு ஒரு மாத்திரை

"டேய்... ட்ரென்ட்டுக்கு இழுக்குதுடா!"

கீழேயிருந்து யாரோ அலற, டில்லன் படிகளில் பாய்ந்து இறங்கினான்.

மாணவர் சங்கத்தினர் சேர்ந்து தங்கும் அந்த வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில், சங்கத் தலைவன் ட்ரென்ட் மல்லாந்து கிடந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நாளைக்குப் பரீட்சை, ராத்திரி முழுக்கத் தூங்காமல் படிக்க வேண்டும். பக்கத்தில் உருண்டு கிடந்த மாத்திரைக் குப்பி... காலி!

குப்பியின் மேல் டில்லனின் பெயர்! கவனம் சிதறாமலிருக்க டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுத்தது.

டில்லன் போனை எடுத்தான்.

"கீழ வை!" துணைத்தலைவன் ஹட்சன் சீறினான். "ஆம்புலன்ஸ் வந்தா பின்னாடியே போலீஸ். உன் ஸ்காலர்ஷிப் காலி!"

"செத்துடுவான் பிரதர்!"

"யாருடா உனக்குப் பிரதர்? நீ வந்து ஆறு வாரம்தான். இன்னும் சங்கத்துல சேர்க்கவே இல்ல."

டில்லனின் அப்பா ஒஹாயோ வெயிலில் கூரை ஓடு பதிப்பவர். மேலிருந்து ஆள் விழுந்தால் அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அவசர எண் 911 அழுத்தினான்.

ட்ரென்ட் உயிரோடுதான் ஆம்புலன்ஸில் ஏறினான். ஹட்சன் சொன்னது போலவே பின்னாடியே போலீஸ்!

சார்ஜென்ட் ரோண்டா குப்பியைத் தூக்கிக் காட்டினாள். "யாரு டில்லன்?"

"நான்தான் மேடம்."

"இவன்தான் விக்கிறான்!" ஹட்சன் முந்தினான். "வீடு பூரா சப்ளை!"

பின்னால் நின்ற மாணவர்களின் பத்துத் தலைகள் ஆமாமென்று ஆடின.

"பொய் மேடம்! புதுசா சேர்றவன் மாத்திரையை ஒப்படைச்சே ஆகணும்னு ஹட்சன்தான் வாங்கி வச்சுக்கிட்டான்..."

"ஆதாரம் இருக்காடா?" ஹட்சன் இளித்தான்.

ரோண்டா பெருமூச்சோடு கைவிலங்கை உருவினாள்.

"சரி, எழுதிக்கறேன். இந்த வீட்டுக்கே இவன்தான் ராஜா. நீங்க அத்தனை பேரும் இவன்கிட்ட கையேந்தி நின்னீங்க. நீயும்தான் ஹட்சன். சரியா?"

ஹட்சனின் காது சிவந்தது.

"கையேந்துறதா? கூரை போடுறவன் மகன்கிட்டயா? கக்கூஸ் கழுவுற பய மேடம் இவன்! எவனுக்கு எத்தனை மாத்திரைன்னு துணைத்தலைவர்தான் முடிவு பண்ணணும்! எங்கப்பா இங்க படிச்ச காலத்துலேர்ந்து அதான் மரபு! மாத்திரைப் பெட்டிச் சாவியே என்கிட்டதான்..."

சட்டென்று நிறுத்தினான்.

பத்துத் தலைகளும் தரையைப் பார்த்தன.

க்ளிக்!

விலங்கு விழுந்தது ஹட்சனின் கையில்!

"நீ சாட்சி. ஸ்டேஷனுக்கு நடந்தே வா, போதும்," என்றாள் டில்லனிடம்.

"எங்கப்பா பெரிய வக்கீல், தெரியுமா?" ஹட்சன் கத்தினான்.

ரோண்டா சிரித்தாள்.

"வரச் சொல்லுப்பா! அவர் காலத்து மரபையும் விசாரிக்கணும்ல?"