படிக்கட்டில் ஒரு குரல் அதிகம்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. சனா நகரின் பழைய சந்து ஒன்றில், லுத்ஃபின் வீட்டு உச்சிமாடிக் கூடத்தில், சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் தொங்கிய கொம்புப்பிடி இடுப்புக் கத்தியைக் காணவில்லை.

லுத்ஃபின் அப்பா தன் கல்யாணத்துக்குக் கட்டிய கத்தி அது. லுத்ஃபும் கட்டினார். இன்று ஐந்து மணிக்கு அவர் மகன் அம்மார் அதைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போகவேண்டும்.

பழி வீட்டு விருந்தாளி துர்குத் மேல் விழுந்தது. கூடத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் படம் பிடிக்கத் துருக்கியிலிருந்து வந்தவர். மதியம் அவர் தனியாக மேலே போனதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்குமேல் யோசிக்கும் வழக்கம் இன்ஸ்பெக்டர் மொஹ்சினுக்குக் கிடையாது. கைவிலங்கை வெளியே எடுத்துவிட்டார்.

"என் உப்பைத் தின்னுட்டு இருக்கிற மனுஷனுக்கு என் வீட்டுலேயே விலங்கு மாட்டினா, நாளைக்கு நான் சந்துல தலை நிமிந்து நடக்கிறதா வேண்டாமா?" என்றார் லுத்ஃப்.

மூன்றரைக்கு, பெண்கள் இருக்கும் மாடியைச் சோதிக்கப் பெண் போலீஸ் அதிகாரி தக்கியா வந்தாள். தெருக்கதவைத் தட்டினாள். "யாரு?" என்று மேலிருந்து ஒரு பெண்குரல். பதில் சொன்னதும் மாடியிலிருந்து கதவுக்கு வரும் கயிறு இழுபட்டு, தாழ் தானாக விலகியது.

கீழ்க்கட்டில் லுத்ஃபின் தம்பி ஹமூத் உலர்திராட்சைச் சாக்கின் மேல் சாய்ந்திருந்தான்.

"மதியம் எங்க இருந்தீங்க?"

"இங்கேயேதான். அண்ணனும் மாப்பிள்ளையும் ஊர்க் குளியல் கூடத்துக்குப் போனாங்க. நான் திராட்சை பொறுக்கிட்டிருந்தேன். அந்தத் துருக்கிக்காரன்தான் ஏறினான், இறங்கினான். வேற ஈ காக்கா ஏறல."

தக்கியா நடுமாடிக்கு ஏறினாள். லுத்ஃபின் மனைவி ஹூரியா, உறவுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். எல்லார் கையிலும் மருதாணி. காற்றுக்காகக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள்.

"யாராவது மேல போனதைப் பாத்தீங்களா அக்கா?"

"இன்ஸ்பெக்டரும் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்னு இதையேதான் கேட்டார். யாரையும் பாக்கல."

"பாத்திருக்க மாட்டீங்க. கதவை எத்தனை தடவை சாத்தினீங்க?"

ஹூரியா சிரித்தாள். "மருதாணிக் கையோட முக்காட்டை எப்படி இழுக்கிறது? காலாலதான் தள்ளிச் சாத்தினேன். முதல்ல அந்தத் துருக்கித் தம்பி ஏறினார். பொம்பளைங்க மறைஞ்சுக்கட்டும்னு நம்ம ஆம்பளைங்க படியில குரல் கொடுப்பாங்களே, அது மாதிரியே 'அல்லா, அல்லா'ன்னார், பாவம், ஆடு கத்துற மாதிரி. இவளுங்க விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க. அப்புறம் அவரே இறங்கினார். அதுக்கப்புறம் இன்னொருத்தர்."

"ஏறினாரா, இறங்கினாரா?"

"சத்தம் மேலேருந்துதான் வந்துச்சு."

"யார் குரல்?"

"நம்மூர்க் குரல். யாரும் சிரிக்கல, அதனால கவனிக்கல." அவள் முகம் மெல்ல மாறியது. "ஆனா அவர் ஏறவே இல்லையே."

"ஆம்பளைங்க கிளம்பினதுலேருந்து திரும்பி வர்ற வரைக்கும் யாருக்காவது கயிறு இழுத்தீங்களா?"

"யாருக்கும் இல்ல."

நாலு மணிக்கு எல்லா ஆண்களையும் உச்சிமாடிக்கு வரச் சொன்னாள் தக்கியா.

"வெளியாள் யாரும் உள்ள வரல. வீட்டுல இருந்த ஆம்பளைங்க ரெண்டே பேர். துர்குத் ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை குரல் கொடுத்தார். மூணாவது குரல் ஒண்ணு, இறங்க மட்டும். ஹமூத், திராட்சைச் சாக்கைக் கொட்டிப் பாக்கலாமா?"

ஹமூத் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"விருந்தாளி குரல் கேட்டுப் பொம்பளைங்க கதவைச் சாத்தினாங்க. நீங்க அவர் பின்னாடியே செருப்பில்லாம ஏறி, மொட்டைமாடிப் படியில ஒளிஞ்சுக்கிட்டீங்க. அவர் போனதும் கத்தியை எடுத்தீங்க. இறங்கும்போது கதவு மறுபடி திறந்திருக்கும். சத்தமில்லாம எட்டிப் பாத்துட்டு ஓடியிருக்கலாம். ஆனா திருடத் துணிஞ்ச மனசு, அண்ணன் வீட்டுப் பொம்பளைங்களை முக்காடில்லாமப் பாக்கத் துணியல. வாய் தானாக் குரல் கொடுத்துருச்சு."

மொஹ்சின் கீழே போய், திராட்சைக்காம்பு ஒட்டிய கத்தியோடு திரும்பினார். துர்குத்தின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பா சாகும்போது எனக்குத் தர்றேன்னார் அண்ணே. என் கல்யாணத்துக்கு இரவல் கத்தி கட்டிட்டுப் போனேன். உன் பையன் இதைக் கட்டிட்டுப் போறதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. பழியை விருந்தாளி தலையில போட்டுட்டியே," என்றார் லுத்ஃப். அவர் அழுதுவிட்டார்.

ஹமூதின் கையைப் பிடித்துக்கொண்டு மொஹ்சின் படியிறங்கினார். தக்கியா பின்னால் வந்தாள். நடுமாடித் திருப்பத்துக்கு மேலேயே ஹமூத் நின்றான். தலை குனிந்தபடி, "அல்லா, அல்லா," என்றான்.

உள்ளே யாரோ காலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள்.

"இந்தக் குரல்தான்," என்றாள் ஹூரியா.