வியாழக்கிழமைப் பார்வையாளர்

“எங்கப்பாவை ஜெயில்ல போய்ப் பார்க்கணும். அனுமதி வாங்கிக் குடுங்க.”

இந்த ஒன்றை மட்டும் எவரிடமும் கேட்கக் கூடாது என்று சித்தப்பா அவளுக்குக் கட்டளை போட்டிருந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே அவள் அதைப் போட்டு உடைத்தாள்.

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்தபடி அவளை உட்காரச் சொன்னார். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தா கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். எந்தச் சேதியையும் சூடு ஆறுவதற்குள் தெருமுனைக்குக் கொண்டு சேர்ப்பவர் என்பதால் அவருக்குத் தந்தி என்று பெயர்.

“மனு போட்டியாம்மா?”

“ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டாங்க. யார் மறுத்ததுன்னு கேட்டா ஜன்னலைச் சாத்துறாங்க. எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி நான்தான். ஒரு பதில் சொல்லக்கூடவா லாயக்கில்லாமப் போயிட்டேன்?”

“ஜன்னல்ல இருக்கிறவங்க மறுக்கிறதில்லம்மா. வர்றவங்க பேரைக் கைதிகிட்ட சொல்லிக் கேப்பாங்க. அவர் சரின்னாத்தான் அனுமதி.”

வக்கீலம்மா தொலைபேசியை எடுத்து, தெரிந்த அதிகாரி ஒருவரிடம் பேசிவிட்டு வைத்தார்.

“உங்கப்பாதான் வேண்டாம்னாராம். ‘முதல்ல வேலையில சேரட்டும்’னு சொன்னாராம்.”

“வேலையா? அது கிடைச்சதே போன மாசம்தான். அவருக்கு யார் சொன்னது?”

“வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்?”

“அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும். வேற யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சித்தப்பா உத்தரவு. அவர்தான் எங்க வீட்டு மகாராஜா. என் பேச்சுல குறை, நடையில குறை. வியாழக்கிழமையானா ரெண்டு ஆள் சாப்பாடு கட்டச் சொல்லுவார். சாப்பாட்டுல குறையும் ரெண்டு ஆளுக்குச் சேர்த்துச் சொல்லுவார்.”

தந்திக்குச் சிரிப்பு வந்தது. வக்கீலம்மாவுக்கு வரவில்லை. “அப்பாவுக்குக் கடிதம், போன் ஏதாவது?”

“மூணு வருஷமா அந்தப் பக்கம் யாருமே போகல. அண்ணனைத் தலைமுழுகிட்டேன்னு சித்தப்பா தெரு முழுக்கச் சொல்லிட்டார். குடிச்சிட்டு லாரி ஓட்டி ஒரு மனுஷனைக் கொன்னவர் எங்கப்பா. அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா திங்கக்கிழமை வெளியூர்ல வேலைக்குச் சேரணும். போனா ஒரு வருஷத்துக்கு லீவு கிடையாது. அதுக்குள்ள ஒரு தடவை முகத்தைப் பார்க்கணும், அவ்ளோதான்.”

“நாளைக்கு வியாழக்கிழமை. ஜெயில்ல பார்வையாளர் நாள். காலையில உங்கம்மாவையும் சித்தப்பாவையும் இங்க வரச் சொல்லு.”

அவள் எழுந்ததும் தந்தி குசுகுசுத்தார். “அம்மாதான் மேடம். புருஷனாச்சே, மனசு கேக்குமா? கமுக்கமாப் போயிட்டு வந்திருக்காங்க.”

மறுநாள் முதலில் அவளோடு அம்மா வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. கொண்டையில் நாலைந்து ஊசிகள் பளபளத்தன. ‘பார்த்தீங்களா’ என்பதுபோல் தந்தி புருவத்தை உயர்த்தினார்.

சற்று நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். தந்தி துள்ளி எழுந்து வழியை மறித்து நின்றார். “யார் நீங்க?”

கையிலிருந்த துணிப்பையைச் சித்தப்பா தரையில் வைத்தார். கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் தோளுக்கு நேரே விரித்துக்கொண்டு அப்படியே நின்றார். தந்தி விழித்தார். சித்தப்பாவும் விழித்தார். பிறகு பிடரியைச் சொறிவதுபோல் கைகளை இறக்கி, சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பையோடு உள்ளே வந்தார்.

“உன்கிட்ட என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிட்டு இருக்க?” என்றார் அவளிடம். “சீக்கிரம் முடிங்கம்மா. எனக்கு ஜோலி இருக்கு.”

“தெரியும். ஜெயில்ல ஜோலி,” என்றார் வக்கீலம்மா.

சித்தப்பா பையைக் கால் பக்கம் இழுத்துக்கொண்டார். வக்கீலம்மா தொடர்ந்தார்.

“தந்தி அம்மாவைச் சந்தேகப்பட்டார். ஜெயில் வாசல்ல இரும்பு, பித்தளை எதையும் உள்ள விட மாட்டாங்க. பழகினவங்க அன்னிக்கு அதையெல்லாம் வீட்லயே வெச்சுட்டு வருவாங்க. இந்தம்மா ஒரு கடையையே தலையில மாட்டிட்டு வந்திருக்காங்க. நீங்க? பேன்ட்ல பெல்ட் இல்ல. கடிகாரம் சட்டைப்பையில இருக்கு, அங்க சட்டுனு எடுத்துக் குடுக்கணுமே. வாசல்ல ஒருத்தர் மறிச்சா மத்தவங்க யாருன்னு திருப்பிக் கேப்பாங்க. நீங்க சோதனை போடுங்கன்னு கையை விரிச்சீங்க. அப்புறம் அந்தப் பையில ரெண்டு ஆள் சாப்பாடு.”

சித்தப்பா பொத்தென்று உட்கார்ந்தார். “ஒரே அண்ணன். தலைமுழுகிட்டேன்னு கத்தின வாயால, வாராவாரம் போய்ப் பார்க்கிறேன்னு எப்படிச் சொல்றது? இவளை வேணாம்னு சொல்லச் சொன்னதும் நான்தான். அங்க பேர் பதிஞ்சா வேலை குடுக்கிறவன் நாளைக்கு விசாரிப்பான். அண்ணனுக்கும் அதே பயம்.”

அம்மா பையைப் பார்த்தார். “நான் கட்டினதையா சாப்பிடுறார்?”

“ஆமா அண்ணி.”

“உப்பு?”

“கம்மின்னார்.”

“ஜெயிலுக்குப் போயும் அந்த நாக்கு திருந்தல,” என்றார் அம்மா. முகம் மலர்ந்து கிடந்தது.

நேற்று வரை அவள் தொண்டையில் கனன்ற கோபம் அடுப்பை அணைத்தாற்போல் அடங்கியது. அந்தக் கடுகடுத்த மனிதர் வாராவாரம் கைகளை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்.

“நேர்காணல்லயே சொல்லிட்டேன் சித்தப்பா.”

“எதை?”

“எங்கப்பா ஜெயில்ல இருக்கார்னு. குடும்பத்தைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். வேலை குடுத்தது அதுக்கப்புறம்தான்.”

சித்தப்பா அவளை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். “எங்க யார்கிட்டயும் சொல்லலையே நீ?”

“நீங்க சொன்னீங்களா?”

தந்தி இருமிச் சமாளித்தார். வக்கீலம்மா எழுதிவைத்திருந்த புது மனுவை நீட்டினார். “இன்னிக்கு மதியமே மறுபடி கேக்கச் சொல்லியிருக்கேன். சம்மதம் அவர் குடுக்கணும்.”

“நீங்க உள்ள போய் அவர்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க சித்தப்பா. நான் ஜன்னல்ல மனுவோட நிக்கிறேன்.”

“அண்ணன் பிடிவாதக்காரர்மா. அப்பவும் வேணாம்னா?”

அவள் தலையிலிருந்த இரும்புக் கிளிப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தையும் கழற்றி இரண்டையும் வக்கீலம்மாவின் மேசைமேல் வைத்தாள். சாப்பாட்டுப் பையை அவளே தூக்கிக்கொண்டாள்.

“சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்,” என்றாள். சித்தப்பா செருப்பை மாட்டுவதற்குள் அவள் படியிறங்கித் தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.