நங்கூரம் பிடித்ததும் சொல்ல வேண்டும்

நான் லேத் பட்டறைக்காரன். கடல் எனக்கு ஒத்தே வராது. ஆனாலும் அன்று விடிந்ததும் தங்கச்சியின் பாய்மரப் படகில் ஏறினேன். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிவிட்டது. இனி அவள் எங்களோடு இருக்கட்டும் என்று என் மனைவி மாடி அறையை ஒழித்து வைத்திருந்தாள். படகையும் அவளையும் எங்கள் ஊர்த் துறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.

“வாந்தி வந்தா காத்து வர்ற பக்கம் எடுக்காதண்ணே. உன் மூஞ்சிலயே அடிக்கும்.”

“உன் வாய் மட்டும் குறையல,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மருந்தும் தபாலும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போவதுதான் புருஷன் பெண்டாட்டி இருவரின் பிழைப்பு. மதியம் ஒரு பாறைத் தீவு தெரிந்ததும் அவள் சுக்கானைத் திருப்பினாள். மாப்பிள்ளை செத்த இடம் அது.

“இங்க வேணாம்மா.”

“ஒரே ஒரு தடவை இங்க நங்கூரம் போட்டு அவர்கிட்ட கேப்போம். எம்மேல கோவமா போனாரான்னு மட்டும் தெரியணும்ணே.”

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. படகின் முன் முனையில் நிற்பவர் நங்கூரத்தை இறக்கி, அது மண்ணைப் பிடித்ததும் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை சுக்கானில் இருப்பவர் கையை எடுக்கக் கூடாது. நடுவில் பாய் மறைக்கும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அவன் செத்த அன்று காலை ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டதற்காகச் சண்டை. பேச்சு வார்த்தை இல்லை. குரலும் வரவில்லை. உனக்கே இவ்வளவு வீம்பா என்று இவளும் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து போய்ப் பார்த்தபோது முனையில் யாருமில்லை. காலில் சுற்றிய சங்கிலியோடு தண்ணீருக்கு அடியில் கிடந்தான்.

பாவி மகள், இதை என் ஒருத்தனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தடவை நான் முனைக்குப் போனேன். பாய் படபடவென்று அடித்தது. நங்கூரத்தை விட்டேன். சங்கிலி கடகடவென்று ஓடி, நின்றது. காற்றும் சட்டென்று விழுந்துவிட்டது. அழுகிய பாசியின் வாடை மூக்கில் ஏறியது.

பின்னாலிருந்து தங்கச்சி கேட்டாள்.

“என்னங்க, புடிச்சிடுச்சா?”

என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

சங்கிலி லேசாக அதிர்ந்தது.

என் காலுக்கு நேர் கீழே, தண்ணீருக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. வாய் நிறையத் தண்ணீரோடு பேசுகிற குரல்.

“கூப்பிட்டேனே... எத்தனை தடவை கூப்பிட்டேன்...”

ஐயோ, அவன் வீம்பு பிடிக்கவில்லை. பாயின் இரைச்சலில் அவளுக்குத்தான் கேட்கவில்லை.

“அண்ணே,” என்று தங்கச்சி கிசுகிசுத்தாள். “எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்கு ஏதாவது கேட்டுச்சா?”

பாயை ஒதுக்கி எட்டிப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

“கோவமே இல்லைன்னு சொன்னாரும்மா. நிம்மதியா போகச் சொன்னாரு.”

அவள் சுக்கானில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள். ஒரு வருடமாக வராத அழுகை. நானும் அழுதுகொண்டே சங்கிலியை இழுத்தேன். கடலுக்குள் கிடந்த இரும்பு சில்லென்று இருக்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ வெகுநேரம் பிடித்திருந்த கதவுக் கைப்பிடி மாதிரி.

அங்கிருந்து, மறுபடி எழுந்த எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து, பொழுது சாயும் நேரத்தில் அடுத்த தீவுக்கு வந்தோம். துறையில் ஏழெட்டுப் படகுகள் நின்றிருந்தன. நங்கூரம் பிடித்தது. நானே உரக்கச் சொன்னேன். தங்கச்சி உள்ளே போய்ப் படுத்த உடனே தூங்கிவிட்டாள். பச்சைப் பிள்ளை மாதிரித் தூங்கினாள். பொய்யானாலும் நல்ல பொய்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பக்கத்துப் படகுக்காரர் கத்தினார்.

“என்னய்யா, உங்க படகு மட்டும் இப்படி நிக்குது?”

நிமிர்ந்து பார்த்தேன். மற்ற படகுகளெல்லாம் காற்றுக்கு முகம் காட்டி நின்றன. எங்கள் படகு மட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டி, விட்டு வந்த பாறைத் தீவைப் பார்த்து அசையாமல் நின்றது.

நங்கூரச் சங்கிலி தொய்ந்து தொங்கியது; படகைப் பிடித்திருந்தது அது இல்லை.