கலைத்துவிட்டேன்

“ஏம்மா, ‘கலைப்பேன்’னு இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

ஏணி உச்சியில் நின்றபடி பெரியப்பா ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறுகிறது.

பெரியப்பாவும் அப்பாவும் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள். நான் பிறப்பதற்கு முன்பு இருவருக்கும் ஒரு சண்டை. ஏணி மேல் நின்ற அப்பா ஏதோ கேலி செய்ய, பெரியப்பா கோபத்தில் ஏணியை எட்டி உதைத்துவிட்டார். அப்பா விழுந்தார். அன்றிலிருந்து அவருக்கு வலது முட்டி மடங்காது.

அப்பா எப்போதோ மன்னித்துவிட்டார். “காலை நீட்டி உக்கார எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுது” என்று சிரிப்பார். பெரியப்பாவுக்குத்தான் சிரிப்பு வராது. தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் வாசலில் நின்று, “மன்னிச்சிடுடா தம்பி” என்பார்.

“அதெல்லாம் மன்னிச்சாச்சு, போண்ணே” என்பார் அப்பா.

மறுநாளும் அதே பேச்சு. பழக்கதோஷத்தில், கால் இடறினால் வாளியிடம்கூடப் பெரியப்பா மன்னிப்புக் கேட்பார். தெருப்பிள்ளைகள் அவருக்கு ‘ஸாரி சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் எங்களோடு வருவார். ஆனால் உள்ளே வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு கேட்பார்.

“உள்ள வாங்க பெரியப்பா, என் பக்கத்துல இடம் போட்டிருக்கேன்.”

“இல்லம்மா. செஞ்ச பாவம் இன்னும் தீரலை. தீர்ந்ததும் ஆண்டவர் கூப்பிடுவார். அப்ப வர்றேன்.”

நான் போட்டுவைத்த இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்து என்னை நசுக்குவார்கள்.

ஒருமுறை போதகர் ஆலயச் சுவரில் ஒரு வேத வசனம் எழுதச் சொன்னார். எழுத்து வேலையில் பெரியப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“வேலைக்காரனாத்தான் உள்ள வருவேன், ஐயா” என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

பெரியப்பா ஏணியில் ஏறினார். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, வேதாகமத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தேன். உன் பாவங்களை மேகத்தைப் போலக் கலைத்துவிட்டேன், என்னிடம் திரும்பி வா என்று ஆண்டவர் சொல்லும் வசனம் அது.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ‘கலைப்பேன்’ என்று இருந்தது.

“பெரியப்பா, தப்பு! ‘கலைத்துவிட்டேன்’னு வரணும்.”

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விரலை வைத்து மறுபடியும் வாசித்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“எப்படி ஒண்ணாகும்? கலைப்பேன்னா எதிர்காலம். இனிமேதான் நடக்கணும். கலைத்துவிட்டேன்னா இறந்தகாலம். முடிஞ்சு போச்சு. சாப்பிட்டுவிட்டேன்னு சொன்னா தட்டுல ஒண்ணும் இருக்காதுல்ல?”

“நீ சொன்னா மட்டும் தட்டுல காய் அப்படியே இருக்கும்” என்றார் அப்பா.

“சும்மா இருங்கப்பா!”

பெரியப்பா சிரிக்கவில்லை. “அப்ப, திரும்பி வான்னு சொல்றாரே, அது?”

“அது அதுக்கப்புறம் வருது. முதல்ல கலைச்சிட்டார். அப்புறம்தான் கூப்பிடறார். நீ வந்தா கலைக்கிறேன்னு சொல்லலையே! இயேசு சிலுவையில எல்லாத்தையும் தீர்த்துட்டார்னு நாங்க பாடறோமே, ஜன்னல்ல நின்னு நீங்களும் கேக்கறீங்கதானே? அவர் எப்பவோ கூப்பிட்டாச்சு. நீங்கதான் குடை பிடிச்சிட்டு நிக்கிறீங்க.”

தூரிகை அப்படியே நின்றது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு அப்பாவின் தலையில் விழுந்தது.

“அண்ணே, தலையில சொட்டுது.”

“ஐயோ, மன்னிச்…” என்று ஆரம்பித்த பெரியப்பா பாதியில் நிறுத்திவிட்டார்.

“நான் மன்னிச்சதும் இறந்தகாலம்தான், அண்ணே” என்றார் அப்பா.

பெரியப்பா டர்பெண்டைன் நனைத்த துணியால் அந்தச் சொல்லைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சரியாக எழுதினார். சொல் நீளமாகிவிட்டதால் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. “பரவாயில்லை, இருக்கட்டும்” என்றார் போதகர்.

வேலை முடிந்ததும் பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. வெளிச்சம் மங்கும்வரை நாங்கள் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

பிறகு மூவரும் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் பெரியப்பா நின்றார். அப்பா தன் பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார்.

பெரியப்பா அப்பாவின் தலையில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிவிட்டார். என் கன்னத்தைத் தட்டினார். தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தெருவில் இறங்கி நடந்தார்.