இருக்கைக்கு அடியில் மஞ்சள்

காலை 9:10. மெர்லிமாவ் கார்ப் பட்டறை.

பாலகிருஷ்ணனின் காரில் ஏர்பேக் விளக்கு மூன்றாவது முறையாக எரிந்துகொண்டிருந்தது.

"நல்ல சென்சாரைத் திருடிட்டு வீரப்பன் பழசை மாட்டியிருக்கான். பத்தரைக்குள்ள பதில் சொல்லுங்க. இல்லன்னா போலீஸ்ல ரிப்போர்ட்," என்றார் அவர்.

ரிப்போர்ட் விழுந்தால் மெக்கானிக் வீரப்பனுக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்த வீரப்பன் பக்கம் யாரும் போகவில்லை. பட்டறையில் ஒயர் வேலை பார்க்கும் தேவமலர்தான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"குடிங்கண்ணே, ஆறிடும். சீட்டுக்கு அடியில பார்த்தீங்களா?"

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன்மா. மஞ்சள் ஒயர், மஞ்சள் சொருகி. எல்லாம் மஞ்சளா இருந்த இடத்துலயே இருக்கு."

9:25. இடது பக்க ஏர்பேக் ஒயரில் மின்சாரம் சரியாக ஓடவில்லை என்றது ஸ்கேனர். தேவமலர் பேட்டரியைக் கழற்றினாள். மிச்ச மின்சாரம் அடங்கும்வரை பத்து நிமிடம் கை வைக்கக்கூடாது. அதுவரை வாய்க்குத்தான் வேலை.

"விளக்கு எப்ப எரியுது அங்கிள்?" என்று பாலகிருஷ்ணனைக் கேட்டாள்.

"சனிக்கிழமை காலையில. மூணு தடவையும்."

"வெள்ளிக்கிழமை எங்க போவீங்க?"

"ஜாசின் பசார் மாலம், அந்த ராத்திரிச் சந்தைக்கு. அரை மணி நேரம். ஒத்தை ஆளுக்கு எவ்வளவு காய் வேணும்?"

"வண்டியில சென்ட் வச்சிருக்கீங்களா? புளிச்ச வாசனை வருது."

"எனக்கு எதுக்குலா சென்ட்?"

"பக்கத்து சீட்ல யாரு உட்காருவா?"

"யாரும் இல்ல."

"ரெண்டாவது சாவி?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "மக கிட்ட. தேவிஸ்ரீ, ஜாசின்ல இருக்கா. அவ கல்யாணத்துக்கு நான் போகல. மூணு வருஷமாப் பேச்சில்ல."

9:40. கதவுத் தூணின் உறையைக் கழற்றினாள். சென்சாரின் எண்ணும் கார்ப் புத்தகத்தின் எண்ணும் ஒன்றுதான்; யாரும் மாற்றவில்லை. பிறகு இடது இருக்கைக்கு அடியில் கையை விட்டாள்.

வெளியே வந்தவை ஐந்து எலுமிச்சம்பழங்கள். ஒன்று கருத்துக் கல்லாகியிருந்தது. நடுவில் உள்ளவை அழுகிச் சாறு விட்டிருந்தன. கடைசிப் பழம் புதுசு. அதில் குங்குமம் இன்னும் அழியவில்லை.

"திருடினவங்க யாரும் இல்ல அங்கிள். உங்களுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு வச்சவங்கதான் இருக்காங்க. மஞ்சளுக்குள்ள மஞ்சள், அதான் டார்ச்சுக்குத் தெரியல. சாறு இறங்கிச் சொருகியில பச்சை பூத்திருக்கு. புதுப் பழம் வைக்கிற கை படுறப்பல்லாம் தொடுப்பு விட்டுப்போகுது. வாரத்துக்கு ஒண்ணு. பூட்டு உடையல. வெள்ளிக்கிழமை மட்டும்தான் வண்டி ஜாசின்ல நிக்குது. சாவி உங்க மக கிட்ட இருக்கு."

பாலகிருஷ்ணன் டயர் பக்கம் நடந்தார். "தப்பு என்மேலதான் வீரப்பன்."

"அதை முதலாளி காதுலயும் போட்டுடுங்க சார்," என்றார் வீரப்பன், காலிக் குவளையைக் கீழே வைத்துக்கொண்டே.

10:25. புதுச் சொருகி மாட்டியாயிற்று. விளக்கு அணைந்தது. பாலகிருஷ்ணன் புதுப் பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை அங்கயே வைக்கலாமா?"

"அடியில வேணாம் அங்கிள். சீட்டுமேல வைங்க."

"மேல இருந்தா நான் பார்த்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் வைக்காம விட்டுட்டா?"

தேவமலர் துணியால் அந்த இருக்கையைத் துடைத்துவிட்டாள்.

அவர் இடது கதவைத் திறந்தார். பிறகு பழத்தை ஆளில்லாத இருக்கையின் நடுவில் வைத்தார், உருளாமல் இருக்கப் பக்கத்தில் கைக்குட்டையை மடித்து அணை கொடுத்தார்.

"இன்னிக்கி என்ன கிழமைம்மா?"

"புதன்."