காலின் மேல் ஒரு கால்

பாபநாசத்தைத் தாண்டி இளவழகன் மினி லாரியை அந்த ஊர்ச்சாலைக்குள் திருப்பியபோது மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் மேகம் கவிந்து, அறுத்த வயல்களெல்லாம் சாம்பல் பூசிக் கிடந்தன. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. வண்டி ஏறாமலிருக்க ஓரமாகக் கற்கள் அடுக்கியிருந்தார்கள்.

போன தை மாதம் இங்கேதான், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த காளியம்மாளை அவன் இடித்துக் கொன்றான். "பிரேக் அடிச்சேன் சார், நெல்லுல வழுக்கிடுச்சு" என்று போலீசில் சொன்னான். நடுரோட்டில் நெல் காயப்போட்டவள் மேல்தான் தப்பு என்று ஊரும் நம்பியது. நாளை கோர்ட்டிலும் அதையே சொன்னால் தப்பித்துவிடலாம்.

"என்னண்ணே, வேர்த்துக் கொட்டுது? செத்தவ என்ன, கைகாட்டி லிஃப்டா கேக்கப்போறா?" என்று சிரித்தான், பக்கத்தில் இருந்த மூட்டை ஏற்றும் முபாரக்.

சர்ர்... சர்ர்...

நெல்லுக்குள் கால் இழுபடும் சத்தம். வெளியிலிருந்து அல்ல, வண்டிக்குள்ளிருந்து. வெயிலே இல்லாமல் சூடான நெல்தூசி வாசனை மூக்கை அடைத்தது.

தூரத்தில் ஒரு டிராக்டர் வயலிலிருந்து ஏறிச் சாலையின் குறுக்கே நின்றது. பின்னால் இழுத்துவந்த பெட்டி நிறைய ஆட்கள். இளவழகன் பார்த்துவிட்டான். கண் பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியிலேயே வண்டி நாற்பது அடி ஓடிவிடும். பன்னிரண்டு வருடமாகப் பழகிய கால் அது.

கால் நகரவில்லை.

ஆக்சிலேட்டரில் இருந்த அவன் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் இருந்தது. ஜில்லென்று. விரலிடுக்கில் நெல் சுணை.

"பிரேக்குண்ணே!" முபாரக் அலறினான்.

காதோரம் ஒரு மெல்லிய குரல். "எத்தனை நொடி தம்பி போனையே பாத்துக்கிட்டிருந்தே?"

"ஒண்ணு... ஒண்ணுதான்..."

பாதம் இன்னும் அழுத்தியது. எஞ்சின் உறுமியது. டிராக்டரிலிருந்தவர்கள் குதித்து ஓடினார்கள்.

"அஞ்சு! அஞ்சு நொடி! நான் பிரேக்கே அடிக்கலக்கா!"

பாரம் விலகியது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது.

டிராக்டர்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வழிவிட்டான்.

"அப்ப வழுக்கலையா?" என்றான் முபாரக்.

"பயத்துல ஏதோ உளறிட்டேன்டா. நாளைக்குச் சொல்றத மாத்த முடியாது. நீ வாயத் தொறக்காத."

முபாரக் கதவைத் திறந்தான். "நான் எறங்கிக்கிறேண்ணே. நடந்தே போயிடறேன்." கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.

இளவழகன் தனியாக வண்டியை எடுத்தான். எதிரே வளைவு, அதையடுத்து குடமுருட்டி ஆற்றுப் பாலம். மறுபடியும் பாதத்தில் அந்தக் குளிர்ச்சி. பதறிப்போய் இரண்டு கால்களையும் சீட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

கீழே, ஆக்சிலேட்டர் தானாக, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.